கலர் ஏத்தாத ஆறு படங்கள்

தம்பி,

நீ மும்பைக்கு ரயில் ஏற இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ காதில் அந்தக் குமிழை மாட்டிக்கொண்டு “சொல்லும்மா, கேக்குது” என்கிறாய். கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அதனால் கடையில் மத்தியானம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, என் சிஸ்டத்திலேயே இதை டைப் அடிக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சொல்லச் சொல்ல அடித்துப் பழகிய கை இது. தானாகவே “அன்புடையீர்” என்று ஆரம்பித்துவிட்டது. அதை அழித்தால் “நிகழும் மங்களகரமான” என்று ஓடுகிறது. எல்லாவற்றையும் அழித்த பிறகு மிஞ்சியது நீ ஒருத்தன்தான். உன்னிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ காலேஜில் மாட்டிய ஆறு படங்களில் ஆறாவது படத்தைப் பற்றியது. எடுத்த எடுப்பில் சொன்னால் விளங்காது, முதலிலிருந்தே வருகிறேன். பொறுமையாகப் படி. ரயிலில் உனக்கு வேறு வேலையும் இல்லை.

அங்கே கூடத் தங்கப் போகிற பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டுவாய் என்பதால் நம் கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழங்காநத்தத்தில் நமக்கு ஃபிளக்ஸ் கடை. உன் அப்பா மெஷினைப் பார்த்துக்கொள்வார், நான் டிசைன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் அது முதலில் என் ஸ்கிரீனில்தான் நடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “அக்கா, கொஞ்சம் கலர் ஏத்தி விட்டுருங்க.” நானும் ஏத்துவேன். முகத்தைத் தனியாக வெட்டி எடுத்து, வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தைத் துடைத்து, தலையைச் சுற்றி ஒரு வெளிச்சத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வாடிக்கையாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கலர் சேவ் செய்து வைத்திருக்கிறேன். கறிக்கடை பாண்டி அண்ணனுக்கு ஒன்று, டைலர் காதர் பாய்க்கு ஒன்று. என் கூடப்பிறந்தவன், உன் மாமன் செந்திலுக்கு மட்டும் ஐந்து. ஒவ்வொரு விசேஷத்துக்கும் “போன தடவைய விட ஒரு ஸ்டெப் கூட்டுக்கா” என்று கேட்டுக் கேட்டு, இப்போது அவன் முகம் எங்கே முடிகிறது, வெள்ளைச் சட்டை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரிவதில்லை.

கலரை விட்டால் அடுத்த பிரச்சினை சைஸ். யார் தலை பெரிது, யார் தலை சிறிது என்பதில் நம் சனத்துக்கு இருக்கிற கூர்மை வேறு எதிலும் கிடையாது. உன் அத்தை ஒரு கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கும் டேப்போடு வந்து, வாசலில் கட்டியிருந்த ஃபிளக்ஸை அளந்து, தன் வீட்டுக்காரர் தலை மற்றவர்களை விட இரண்டு இஞ்ச் கம்மி என்று பந்தியில் உட்காராமலே போனாள். அதை நீ கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, “பழைய கோயில் ஓவியத்துலயும் இப்படித்தாம்மா. ராசா பெருசா இருப்பாரு, பக்கத்துல நிக்கிறவுக எல்லாம் முழங்கால் ஒசரம்தான். அத்தை அந்தக் காலத்துல பொறந்திருந்தா அங்கயும் டேப் வச்சு அளந்திருக்கும்” என்றாய். போட்டோ படிப்புக்குச் சேர்ந்த காலேஜில் ஓவிய வரலாறு என்று ஒரு பாடம் உனக்கு வந்தது அந்த வருஷம்தான். காசைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை நம் தொழிலையே படித்துக்கொண்டு வருகிறானே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பாடத்திலிருந்துதான் இந்த வினையும் வந்தது. கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்று சொல்லி, போனில் எனக்குச் சில ஓவியங்களைக் காட்டினாய். பல நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் வரைந்தது. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் ஜன்னல், அதிலிருந்து விழுகிற வெளிச்சம், பாதி முகம் தெரியும், மீதி முகமும் பின்னால் இருக்கிற சுவரும் இருட்டுக்குள் போய்விடும். “இந்த மாதிரி நம்ம ஆளுகள ஆறு பேர எடுக்கப் போறேம்மா” என்றாய். “அந்தக் காலத்துல கரண்ட் கிடையாது, இருட்டா வரைஞ்சாங்க. இப்பத்தான் டியூப் லைட் இருக்குல்ல?” என்று கேட்டேன். நீ குனிந்து சோற்றைப் பிசைந்தாய். படங்களை ஃபிளக்ஸில்தான் போடுவேன் என்றும் ஒற்றைக் காலில் நின்றாய். மற்ற பிள்ளைகள் நல்ல பேப்பரில் போடும்போது இவனுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். “இவுக எல்லாரும் எப்பவும் ஃபிளக்ஸ்லதான இருந்திருக்காக. அதுலயே ஒரு தடவ அவுக மொகத்தோட இருக்கட்டும்” என்று நீ சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக வரச் சொன்னாய். போட்டோ என்றதும் எல்லோரும் ஃபிளக்ஸுக்கு வருகிற மாதிரியே வந்து சேர்ந்தார்கள். பாண்டி அண்ணன் முகத்தில் அரை டப்பா பவுடர். ஈரத் துண்டைக் கொடுத்து அதைத் துடைக்கச் சொன்னாய், சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி அவர் உன்னைப் பார்த்தார். காதர் பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார், அது மட்டும்தான் படத்தில் விழாது என்பதால் தப்பித்தது. பூக்கார முத்துப்பேச்சி அக்கா கூடையை இறக்காமலே உட்கார்ந்துவிட்டார். உன் மாமன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றதும் நடந்த பேச்சை நான் படிக்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாப்ள, லேசா சிரிக்கட்டுமா?”

“வேணாம் மாமா.”

“பல்லு தெரியாம?”

“வேணாம் மாமா. சும்மா இருங்க.”

“சும்மா இருந்தா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதே மாப்ள.”

அப்பாவை மெஷின் மையோடு அப்படியே கூட்டிப்போய் உட்கார வைத்தாய். ஆறாவது ஆளாக என்னைக் கூப்பிட்டாய். சேலையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். “ஒரு நிமிசம் ஒக்காரு, லைட்டு மட்டும் பாத்துக்கிறேன்” என்றாய். நம்பி உட்கார்ந்தேன். வாசலில் ஆட்டோ வந்த சத்தம், ஃபிளக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டதா என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். “முடிஞ்சிருச்சும்மா, போ” என்றாய். அதற்குப் பெயர் ஏமாற்று வேலை.

வெள்ளிக்கிழமை காலை பென் டிரைவைக் கையில் கொடுத்து, “ஆறையும் அப்படியே பிரிண்ட் போட்டு வையி, ஃபிரேம் அடிக்கிற எடத்துக்குப் போயிட்டு வாரேன்” என்று போனாய். நான் முதல் படத்தைத் திறந்தேன். பாண்டி அண்ணன் கன்னங்கரேலென்ற இருட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், சிரிப்பு இல்லை. இரண்டாவது, காதர் பாய், அதே இருட்டு. மூன்றாவது, நான்காவது. மிச்சத்தையும் திறந்தேன், எல்லாம் அப்படியே. நம் தொழிலில் கறுப்புப் பின்னணியும் சிரிக்காத முகமும் ஒன்றாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கீழே தோற்றம் மறைவு என்று தேதி போட வேண்டியதுதான் பாக்கி. உயிரோடு இருக்கிற ஆறு பேர், அதில் இரண்டு பேர் நானும் உன் அப்பாவும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இத நான் மெஷின்ல ஏத்த மாட்டேன். காலங்காத்தால எனக்கு நானே கண்ணீர் அஞ்சலி போடுறதுக்கா?” என்று வெளியே போய் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பாவம் பிள்ளை, லைட் வாங்க வழியில்லாமல் ஜன்னலோரம் வைத்து எடுத்திருக்கிறான், எல்லாம் இருட்டடித்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு ஓடிவிட்டான் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். உனக்கே தெரியாமல் சரிசெய்து கொடுத்துவிட்டால் காலேஜில் நீ தலை நிமிர்ந்து நிற்பாய் என்று இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கறுப்பை எடுத்துவிட்டு ரோஸ் கலர் பின்னணி கொடுத்தேன். அவரவர் கலர் ஏற்கெனவே சேவ் செய்து வைத்திருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. பாண்டி அண்ணனின் நெற்றித் தழும்பை எடுத்தேன். முத்துப்பேச்சி அக்காவின் சுருக்கம் அத்தனையையும் துடைத்து உதட்டில் லேசாகச் சிவப்பு வைத்தேன். பாய் தாடியைக் கறுப்பாக்கி, மரியாதைக்கு ஆறு நரையை மட்டும் விட்டேன். என் படத்துக்கு எவ்வளவு ஏத்தினேன் என்று கேட்காதே, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு தலைக்கும் பின்னால் வெளிச்சம் போட்டேன். அப்பா டீக்கடையிலிருந்து வந்து பார்த்து, “இப்பத்தான் உசுரு வந்துச்சு” என்று மெஷினை ஓட்டினார். நீ வந்து, சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்ததைப் பிரிக்காமலே வண்டியில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் பறந்தாய்.

இரண்டே மணி நேரத்தில் அதே சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாய். வகுப்பு முழுக்கச் சுற்றி நிற்க ஒவ்வொன்றாக விரித்திருக்கிறாய். உங்கள் சார் ஆறையும் பார்த்துவிட்டு, “எந்த மண்டபத்துலப்பா விசேஷம்?” என்று கேட்டாராம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு கேன்டீன் வரைக்கும் கேட்டதாம். திங்கட்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், இந்த மும்பை வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் அவர்தான், அதற்குள் சரியாகக் கொண்டு வா என்று சார் அனுப்பியிருக்கிறார். இவ்வளவையும் நீ வாசலில் நின்றபடியே சொன்னாய். உள்ளே வரவில்லை.

“யாரு தொட்டது இத?”

“நாந்தான். ஏன்டா, நல்லா இல்லையா?”

“என் படத்தக் கொன்னுட்டம்மா.”

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “கொன்னது நாங்க இல்லடா. நீதான் ஆறு பேரையும் போட்டோவுக்கு மாலை போடுற மாதிரி எடுத்து வச்சிருந்த. இவதான் உசுரு குடுத்தா” என்றார். உனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததைப் பார்த்தேன். சிரிப்பை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாய். “காதுகுத்துல என்னைய அழிச்ச மாதிரியே இவுகளயும் அழிச்சிட்டம்மா.” சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

அது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உனக்கு அப்போது ஏழு வயது. திருநகரில் மண்டபம், வாசலில் பத்தடிக்கு உன் ஃபிளக்ஸ். பெற்ற பிள்ளையின் படம் என்பதால் என் கைவரிசை எல்லாவற்றையும் அதில்தான் காட்டியிருந்தேன். பால் கலர், ரோஸ் கன்னம், குதிரை மேல் ராஜா வேஷம். நீ மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அதன் முன்னால் வெகுநேரம் நின்றாய். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்து, “இது யாரும்மா?” என்று கேட்டாய். “நீதான்டா ராசா” என்றேன். “அப்ப நான்?” என்று கேட்டாய். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வியை வருஷக்கணக்காக ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ அதைச் சிரிக்கக் கேட்கவில்லை என்று வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் எனக்கு உறைத்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றேன். பெற்ற பிள்ளையிடம், நீ இருக்கிறபடி எனக்குப் போதாது என்று பத்தடி உயரத்தில் எழுதி ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அம்மாக்களுக்கு அந்த வார்த்தை வராது, அதனால் மறுநாள் உனக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்தேன். நீயும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். ஆனாலும் அது வேறு, இது வேறு. இப்போது எழுத்தில் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை நீ, முன்தினம் மாதிரி எல்லாம் ஒன்றாக ஒட்டிய ஜேபெக் படமாகக் கொடுக்கவில்லை. கறுப்பு சுத்தமாக விழ வேண்டும் என்று எடிட் செய்கிற மூல ஃபைலையே ஆறாகக் கொடுத்து, “ஒத்தப் புள்ளியத் தொட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும்” என்று மிரட்டிவிட்டு ஃபிரேம்காரனிடம் போனாய். நீ தலை மறைந்ததும் உன் மாமன் வந்து சேர்ந்தான், அவன் இதற்காகவே டீக்கடையில் காத்திருந்திருக்கிறான். “அக்கா, மாப்ள என்னையக் கரிச்சட்டி மாதிரி எடுத்து வச்சிருக்கானாம்ல. முப்பத்தெட்டு வயசாச்சு, எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கீக. அந்தக் காலேசுல எம்புட்டுப் பேரு வருவாக. எனக்கு மட்டும் ஒரு ஸ்டெப்பு ஏத்தி விடுக்கா, மாப்ளைக்குத் தெரியவா போகுது” என்று மவுஸ் மேலேயே கையை வைத்துவிட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கை அரித்தது. அவன் முகம் ஸ்கிரீனில் இருந்தது, ஐந்தாவது கலர் ஒரு கிளிக் தூரத்தில் இருந்தது. தூக்கி வளர்த்த தம்பி வேறு. அந்த நேரத்தில் முத்துப்பேச்சி அக்கா பூக் கொடுக்க உள்ளே வந்ததால்தான் நீ தப்பித்தாய்.

அவர் தினம் வருகிறவர்தான், சாமி படத்துக்கு ரெண்டு முழம் கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்கு, சரி, அவர் படத்தையாவது காட்டுவோம் என்று மாமன் படத்தை மூடிவிட்டு அவர் படத்தைத் திறந்தேன். நீ எடுத்தது எடுத்தபடி இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து பாதி முகம், அதில் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஜன்னல் வெளிச்சம் தனித்தனியாக இறங்கியிருந்தது. அவர் கூடையைக் கீழே வைத்தார். ஸ்கிரீன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“எங்காத்தா போட்டோ ஒனக்கு ஏது தாயி?”

“ஒங்க ஆத்தா இல்லக்கா, நீங்கதான்.”

“நானா? நான் எப்ப இப்படி ஆனேன்?” என்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார், “வண்டியூர்ப் பக்கம் நாத்து நடப் போவா எங்காத்தா. ஒரு போட்டோ கெடையாது. செத்தன்னைக்குக்கூட எடுக்கல, எடுக்க ஆளு இல்ல. மொகமே மறந்துருச்சுன்னு நெனச்சிருந்தேன். இந்தா இருக்கா பாரு.”

உன் மாமன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது, தொழில் செய்கிற இடத்தில் அழுதால் நன்றாக இருக்காது என்று பிரிண்ட் மையில் ஏதோ நெடி என்று சமாளித்தேன். வெள்ளிக்கிழமை நான் ஏத்திய படத்தில் அந்த ஆத்தா இல்லை, தம்பி. ரோஸ் பின்னணியில், உதட்டுச் சிவப்போடு, யாருக்கும் மகளாக இல்லாத ஒரு பொம்பளைதான் இருந்தாள். இதை நீ எனக்கு எத்தனை ஓவியம் காட்டிச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஐந்து படங்களை ஒரு புள்ளி தொடாமல் மெஷினுக்கு அனுப்பினேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். தன் படம் வெளியே வரும்போது மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, காய்ந்த பிறகு யாரும் பார்க்காதபோது போய்ப் பார்த்தார். ஆறாவது என்னுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

திங்கட்கிழமை நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நீ தேர்வாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், மற்றதை நான்தான் பார்த்தேன். ஆறு பேரும் வேனில் வந்து இறங்கினோம். பாண்டி அண்ணன் தன் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “இந்தத் தழும்பு மொத நாளு கடையில கத்தி வழுக்கினது” என்று முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொன்னார். காதர் பாய் தன் படத்தைப் பார்த்ததும், “தங்கச்சி, மவுத்தானவன் படம் மாதிரில இருக்கும்னு பயந்தேன். மாஷா அல்லா, எங்க வாப்பா மாதிரி இருக்கு” என்றார். உன் மாமன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து தன் படத்தைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான். “ஆளு கொஞ்சம் யோசிக்கிற ஆளு மாதிரி தெரியுறான்ல?” என்று என்னிடம் கேட்டான். அன்றைக்கே அதை வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து ஒரு பெண் வீட்டார் சம்மதித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். தேர்வாளர் எல்லாவற்றையும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, “யாருப்பா பிரிண்ட்? கறுப்பு இவ்வளவு சுத்தமா ஃபிளக்ஸ்ல நான் பாத்ததில்ல” என்று கேட்டாரே, அப்போது உன் அப்பா நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்பதை நீ பார்க்காமல் போனது உனக்குத்தான் நஷ்டம்.

வேலை கிடைத்தது, போகிறாய். விளம்பரக் கம்பெனி என்கிறாய். அங்கே மட்டும் என்ன வாழுதாம்? நம் பழங்காநத்தத்து ஆள் கேட்பதைத்தான் அவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள். சம்பளம் கொடுக்கிறவன் ஏத்தச் சொன்னால் ஏத்தித்தான் ஆக வேண்டும், வீராப்புப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து நிற்காதே. நானும் கடையை மூடிவிடவில்லை, நேற்றுக்கூட ஒரு மாப்பிள்ளையை மூன்று ஸ்டெப் ஏத்தினேன். கேட்டார், ஏத்தினேன். ஆனால் இத்தனை வருஷத்தில் கேட்டவர்களுக்கும் ஏத்தினேன், கேட்காதவர்களுக்கும் ஏத்தினேன். இரண்டாவதுதான் நான் செய்த தப்பு. நீ ஒரு முகத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த முகத்துக்காரரை ஒரு வார்த்தை கேள். கேட்க முடியாத இடத்தில் கையை மடியில் வைத்துக்கொள். எனக்குத் தெரிந்த தொழில் தர்மம் இவ்வளவுதான்.

இனி ஆறாவது படம். சனிக்கிழமை அதைத் திறந்தேன். மற்ற ஐந்து ஃபைலிலும் ஒரே ஒரு லேயர், அதாவது ஒரே ஒரு அடுக்குதான் இருந்தது, எடுத்தது எடுத்தபடி. என் ஃபைலில் மட்டும் அதற்கு மேல் இன்னொன்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாய், ‘அம்மாவுக்கு’ என்று. ஒத்தப் புள்ளியைத் தொடக்கூடாது என்று மிரட்டிவிட்டுப் போன என் மகன், யாருக்கும் தெரியாமல் எனக்குக் கலர் ஏத்தி வைத்திருந்தான். ரொம்ப இல்லை, அரை ஸ்டெப் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பை லேசாகத் துடைத்திருந்தாய். வெள்ளிக்கிழமை கொடுத்த படத்திலும் அது இருந்திருக்க வேண்டும், நான்தான் கவனிக்காமல் அதன் மேலேயே என் பூச்சையும் பூசியிருக்கிறேன். நான் கடையில் ஒத்தைக்கு உட்கார்ந்து சிரித்தேன். லேயரை ஒன்றாகச் சேர்க்காமல் எவனாவது ஃபைலைக் கொடுப்பானா? முகத்தை ஏத்தினவன் கழுத்தை ஏத்தாமல் விட்டிருக்கிறாய், கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். மூன்று வருஷம் என்னதான் சொல்லிக் கொடுத்தார்களோ. சிரித்து முடித்த பிறகு, என் பிள்ளைக்கும் என் வியாதியே வந்திருக்கிறது, அதுவும் என் மேல் இருக்கிற பாசத்தினால் வந்திருக்கிறது என்று விளங்கியது. அம்மா பார்த்தால் வருத்தப்படுவாள் என்று பயந்திருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாக நானும் அதே பயத்தில்தான் எல்லோருக்கும் ஏத்திக்கொண்டிருந்தேன்.

அந்த லேயரை நான் ஆஃப் செய்துவிட்டேன். அதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்தது. தொடாதே என்று நீ சொன்ன ஆறு படத்தில் ஒன்றைத் தொட்டேன். அடியில் ஒரு பொம்பளை இருந்தாள். கறுத்த முகம், தூக்கம் பத்தாத கண், ஆட்டோச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறாள். நல்ல வேலைக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் முகத்தை வெட்டி ஒட்டிய எனக்கு, அந்த முகத்தில் மாற்ற வேண்டியது ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டேன். மாட்டுகிற அவசரத்தில் கவனிக்காத நீ, திங்கட்கிழமை அதற்கு முன்னால் வந்தபோது சட்டென்று நின்றாய். குனிந்து, நீ துடைத்திருந்த கண்ணடியைப் பார்த்தாய். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினாய். நான் டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து தட்டை நீட்டினாய். “சட்னி போதுமா?” என்று கேட்டேன். “போதும்மா” என்றாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். அங்கே போய் யாருக்காவது ஏத்த வேண்டி வந்தால் கழுத்தையும் சேர்த்து ஏத்து, மானத்தை வாங்காதே. ஆனால் என்னை இனிமேல் தொடாதே, தம்பி. அந்தப் படத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் அம்மா